ஐந்து கிலோ ஆகும் வரை

ஜனவரி 5, திங்கள்

நூல்கடைக்காரர் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார். என் வீட்டுக்காரர் குமரவேல் இதுவரை ஒன்றிலும் ஒரு வரி எழுதியதில்லை. போன வருஷத்து டைரி கேஸ் அடுப்புக்கு முட்டுக்கொடுக்கப் போய்விட்டது. இந்த வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் சண்டை வருகிறது. எழுதினால் யாரும் எதிர்ப்பேச்சு பேச மாட்டார்கள்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவளை மூன்றாம் மாசம் சீரோடு அனுப்புவார்கள். என்னைத் தீட்டுக் கழிந்த கையோடு கார் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அண்ணியும் இப்போது முழுகாமல் இருக்கிறாள். பிள்ளை பெற்றவளும் பிள்ளைத்தாச்சியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாதாம். வழக்கம் அப்படி, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணி என் பையன் படுத்திருந்த ரூமுக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. அவளுக்கு மசக்கையாக இருந்திருக்கும்.

பையனுக்கு மேலுதடு பிளந்திருக்கிறது, மூக்கு வரைக்கும். உள்ளே அண்ணத்திலும் பிளவு. கோயம்புத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, ஐந்து கிலோ எடை வந்தால் உதட்டைத் தைத்துவிடலாம், அண்ணத்தை ஒரு வயசுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஐந்து கிலோவுக்குக் கீழே மயக்க மருந்து கொடுக்க மாட்டாராம். பையன் மூன்று கிலோ இருக்கிறான். பிளவு இருப்பதால் அவனுக்கு உறிஞ்ச வரவில்லை. உறிஞ்சாத பிள்ளைக்கு எடை எங்கிருந்து வரும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாயந்திரம் யாரோ கதவைத் தட்டி, "நர்சுங்க, சுகாதார நிலையத்துல இருந்து வர்றேன்" என்றார்கள். பின்னால் விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் கேட்கவில்லை.

ஜனவரி 7, புதன்

அந்த நர்சம்மா விடுகிற ஆள் இல்லை. இன்றைக்குத் தறிப்பட்டறை வழியாக, என் வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பேர் வசந்தாமணியாம். ஐம்பது வயசு இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"டீ இருக்குதா அம்மிணி? மூணு ஊரு சுத்திட்டு வர்றேன்."

டீ போட்டுக் கொடுத்தேன். பையனைப் பார்க்கணும் என்பார், என்ன சொல்லித் தட்டிக்கழிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவரானால் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாத கதையையும், குறுக்கே வந்த நாயின் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் என் மடியில், முகத்துக்கு மேல் துண்டோடு கிடந்தான்.

"பசிச்சா எப்புடி அழுவான்?" என்றார் திடீரென்று.

"உங்களாட்டத்தான். ஊட்டுக்குள்ள வந்ததும் வராததுமா கேப்பான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நர்சம்மா சிரித்தார். "வாயி இருக்குது. பொழச்சுக்குவே. நான் பையனை இன்னிக்குப் பாக்கட்டுமா, நாளைக்குப் பாக்கட்டுமா?"

"நாளைக்கு" என்றேன். போய்விட்டார். நாளைக்கு என்றால் வராதே என்று அர்த்தம். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரி 8, வியாழன்

வந்துவிட்டார். "நாளைக்குன்னு சொன்னியே" என்கிறார்.

துண்டை நானே எடுத்தேன். அவர் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே எடுத்தேன். "அட, முழியப் பாரு, இவங்கப்பனாட்டமே" என்றார். அவ்வளவுதான்.

பால் பாட்டிலைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார். பையிலிருந்து பாலாடை எடுத்தார். மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், அந்தக் காலத்துப் பொருள் என்று நினைத்திருந்தேன். பாலைப் பீய்ச்சி அதில் ஊற்ற வேண்டும். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் விட்டு, விழுங்கினதும் அடுத்ததை விட வேண்டும். நாலு வாய்க்கு ஒரு தடவை தோளில் போட்டுத் தட்ட வேண்டும். மூன்றாவது வாயிலேயே பால் மூக்கு வழியாக வந்தது. பாலாடையைக் கீழே வைத்துவிட்டேன்.

நர்சம்மா துணியால் துடைத்தார். "மூக்குல வர்றது வரட்டும் அம்மிணி. வயித்துக்குப் போனதை மட்டும் பாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா குடு. தூங்குனா எழுப்பிக் குடு. இந்தப் புள்ளைக்கு அதுதான் வைத்தியம்."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மா போன் செய்தாள். அங்கே எல்லாருக்கும் வேலையாம்.

ஜனவரி 29, வியாழன்

ஒரு தடவை பால் கொடுத்து முடிக்க முக்கால் மணி ஆகிறது. துணி அலசி, பாலாடையைக் கொதிக்க வைத்து, அரிசி களைந்து அடுப்பில் வைப்பதற்குள் அடுத்த தடவை வந்துவிடுகிறது. பால் கொடுப்பதெல்லாம் உள்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டுதான். பால் மூக்கில் வருவதை இன்னொருத்தர் பார்த்தால் அப்புறம் ஊர் முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

இன்று ருக்மணி நங்கையா வந்திருந்தார். இவருடைய அக்கா, அடுத்த வீதி. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தலைகால் புரியவில்லை. நர்சம்மாவும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார். நங்கையா அவரிடமே பஞ்சாயத்து வைத்தார்.

"கெரகணத்தன்னிக்குக் கத்திரிக்கோலத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனுங். யாரோ பிளவுசு அவசரம்னாங்கன்னு உக்காந்து துணி வெட்டிருக்கறா. புள்ளைக்கு ஒதடு வெட்டுப்படாம என்னாகும்?"

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். அந்தக் கிரகண ராத்திரி துணி வெட்டியது உண்மை. பையன் பிறந்ததிலிருந்து கத்தரிக்கோலைத் தொடவில்லை. முதுகு வலி.

நர்சம்மா என்னைப் பார்த்து, "அப்ப உனக்கு எத்தன மாசம்?" என்றார்.

"ஆறு முடிஞ்சிருந்துச்சுங்க."

"ஒதடு ஒட்டறதெல்லாம் ரெண்டாவது மாசத்தோட முடிஞ்சிரும். நீ துணி வெட்டறதுக்கு நாலு மாசத்துக்கு முன்னாடியே இவன் இப்படித்தான் இருந்திருக்கறான்."

நங்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். நர்சம்மா சொன்னதை நான் நம்பினேனா இல்லையா என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது ரொம்ப நேரம் அழுதேன். அது வேறு எதற்கோ.

பிப்ரவரி 8, ஞாயிறு

பையன் சிரித்தான். உதடு இரண்டு பக்கமும் விலகி முகம் முழுக்க வாயாகிவிட்டது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

புதன்கிழமை அங்கன்வாடியில் ஊசி போடும் நாள். எடையும் அங்கேதான். கூட்டம் கலைந்த பிறகு வருகிறேன் என்று சொல்லி, கடைசி ஆளாகப் போனேன். பையனுக்கு வெள்ளித் தண்டை, அரைஞாண், கழுத்தில் ஒரு டாலர், தடித்த ஸ்வெட்டர் எல்லாம் போட்டிருந்தேன். பங்குனி வெயில் வரப்போகிறது, ஸ்வெட்டர் எதற்கு என்று யாராவது கேட்டால் சளி என்று சொல்லலாம்.

நர்சம்மா ஒவ்வொன்றாகக் கழற்றினார். தண்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ஆபரேசன் புள்ளைக்கா, தண்டைக்கா?"

"அழகுக்குப் போட்டதுங்க."

"ஆமாமா. மயக்க மருந்து குடுக்கறவங்க தண்டையையும் சேத்துத்தான் கணக்குப் போடுவாங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றே முக்கால் கிலோ. தண்டை இல்லாமல். வருகிற வழியெல்லாம் பையன் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். துண்டு கொஞ்சம் விலகியிருந்தது, காற்றுக்காக.

மார்ச் 8, ஞாயிறு

மாரியம்மன் நோம்பி. போன புதன் எடை நாலு கிலோ நூறு, நல்ல ஏற்றம். இன்று ஒறம்பரை வந்துவிட்டது. இவருடைய சித்தப்பா, சித்தி, அவர்கள் மகன்கள், மருமகள்கள். "பையன் தூங்கறான்" என்று எல்லாரிடமும் சொன்னேன். தூங்கவும் செய்தான்.

மார்ச் 9, திங்கள்

மாவிளக்குக்கு இடித்தோம். உள்ரூமில் ஆண்கள் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். சமையலறையில் பெண்கள். பாத்ரூமில் நின்றுகொண்டு காலையில் ஒரு தடவை கொடுத்தேன், பாதியில் யாரோ கதவைத் தட்டினார்கள். மத்தியானம் முடியவில்லை. பையன் முதலில் அழுதான், அப்புறம் அழவே இல்லை. "எவ்வளவு சாதுவான புள்ள" என்று சித்தி சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

இன்னும் யாரும் கிளம்பவில்லை. கெடாவெட்டு, இருபது பேருக்குச் சமையல். பையன் நிறையத் தூங்குகிறான்.

மார்ச் 11, புதன்

மூன்று கிலோ எண்ணூறு.

நர்சம்மா தராசைத் தட்டிப் பார்த்தார், இன்னொரு தடவை வைத்தார். அதே எடை. அப்புறம் பையனின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். ஸ்கூட்டரிலேயே என்னை வீட்டுக்குக் கூட்டிவந்து, தன் முன்னாலேயே பால் கொடுக்கச் சொன்னார். பையன் கண்ணைத் திறக்காமல் குடித்தான்.

"பேதி ஆச்சா?"

"இல்லீங்க."

"காய்ச்சல்?"

"இல்லீங்க."

"நோம்பிக்கு ஆளுக வந்திருந்தாங்களா?"

அதற்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்றேன்.

"ஆளுக வந்தா எங்க வெச்சுக் குடுப்பே?"

"உள்ரூமுல."

"உள்ரூமுல ஆளு இருந்தா?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கத்தினேன். உங்களுக்கென்ன, நீங்கள் வண்டியில் வந்து வண்டியில் போய்விடுவீர்கள், என் பையனைப் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்களோடு நான்தான் இருக்கணும், இனிமேல் இந்த வீட்டுக்கு வராதீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாது.

அவர் எழுந்து தறிப்பட்டறைக்குப் போனார். தறியை நிறுத்தச் சொல்லி இவரிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "நீங்க ஒருக்காவது புள்ளைக்குப் பாலு குடுத்திருக்கறீங்களா?"

"அவ யாரையும் பக்கத்துல உடறதில்லீங்க. நான் போனாலும் கதவச் சாத்திக்குவா."

மார்ச் 12, வியாழன்

இன்று விடிந்ததிலிருந்து எட்டுத் தடவை கொடுத்தேன். பசித்தால் பிள்ளை அழும், ரொம்பப் பசித்தால் அழாது. எனக்கு அது தெரியாது. தெரியாது என்று எழுதியிருக்கிறேன், இருக்கட்டும். இவன் செத்துப்போயிருந்தால் இந்தக் கையால்தான் செத்திருப்பான்.

மார்ச் 18, புதன்

நர்சம்மா வந்தார். "வராதீங்கன்னு சொன்னேனே" என்றேன்.

"அது போன வாரத்துக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார்.

நாலு கிலோ. போனது பாதிக்குமேல் திரும்பிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அவர் இவரைக் கூப்பிட்டுவிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். பையனை இவர் மடியில் வைத்து, பாலாடையைக் கையில் கொடுத்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீயும் உக்காரு" என்றார்.

அவன் பிறந்து நாலாவது மாசத்தில்தான் இவர் அவனுக்குப் பால் கொடுப்பதை நான் பார்க்கிறேன். மூக்கில் பால் வந்தபோது இவர் பயப்படவில்லை. அறுந்த இழையை எடுத்து முடிகிறவர் கை, நடுங்காமல் துடைத்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்றார் என்னைப் பார்த்து. "இதுக்கா அம்மிணி கதவச் சாத்திட்டே?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாக நிம்மதியாகவும் இருந்தது. நேற்று ராத்திரி வரைக்கும் இந்தப் பையனுக்கு நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நர்சம்மா கிளம்பும்போது சொன்னார்: "அடுத்து வாசப்படில உக்காந்து குடு. காத்தால தண்ணி வர்ற நேரம். எல்லாரும் கொடத்த வெச்சுட்டு சும்மாதான நிப்பாங்க, பாக்கட்டும்."

"என்னால ஆகாதுங்க."

"சரி, நாளான்னைக்கு."

ஏப்ரல் 6, திங்கள்

நர்சம்மா சொன்ன நாளை மறுநாள் அது ஆகவில்லை. இன்றைக்குத்தான் ஆனது. இவர் தறியில், வீட்டுக்குள் புழுக்கம், தண்ணீர் வருகிற நேரம். வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து கொடுத்தேன். குழாயடியில் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் திரும்ப ஆரம்பித்தது, குழாயில் தண்ணீர் சரியாக வராததைப் பற்றி. எதிர்வீட்டுச் சிறுமி தர்ஷினி கிட்டே வந்து பார்த்தாள்.

"பாப்பாவுக்கு வாயி என்னாச்சுங்க அக்கா?"

"ஒட்டாம பொறந்துட்டான். தைக்கோணும்."

"நீங்களே தைப்பீங்களா?"

சிரித்துச் சிரித்துப் பால் கொட்டிவிட்டது. அவள் அம்மா ஓடிவந்து அவளை அடிக்கப் போனாள், நான் தடுத்தேன். மத்தியானம் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டேன். ருக்மணி நங்கையா மகளின் கல்யாண பிளவுஸ் துணி ஒரு மாசமாக அலமாரியில் கிடக்கிறது. இன்று வெட்டினேன்.

ஏப்ரல் 22, புதன்

நாலு கிலோ அறுநூறு. நர்சம்மாவுக்கு இரண்டு டீ.

ஏப்ரல் 30, வியாழன்

நங்கையா பிளவுஸ் வாங்க வந்தார். தையல் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார். நங்கையா பாராட்டினால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"மண்டபத்துல மாடி ரூம் ஒண்ணு உனக்குத் தனியா சொல்லி வெச்சிருக்கேன். புள்ளைய வெச்சுட்டு நீ அங்கயே இருந்துக்கலாம்."

"எதுக்குங்க?"

"தப்பா எடுத்துக்காத சாமி. மாப்புள்ள ஊட்டுக்காரங்க பாத்தா, பொண்ணோட தாய்மாமன் புள்ளைக்கே இப்படி, வம்சத்துலயே இருக்குதோன்னு நெனைப்பாங்க. நாளைக்கு அவளுக்குப் பொறக்கற புள்ளையப் பத்திப் பேச்சு வரும். தாலி கட்டி முடியட்டும்."

இவர் கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சரி நங்கையா, மாடியிலேயே இருக்கிறேன் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் மகளைப் பெற்றவர்தானே என்று தோன்றியது. அவர் போனதும் இவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

மே 8, வெள்ளி

விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டோம். மாடி ரூமில் பாய், ஃபிளாஸ்க்கில் பீய்ச்சி வைத்த பால், பாலாடை. சன்னல் வழியாகப் பந்தல் ஓலையின் முதுகுதான் தெரிகிறது. நாதஸ்வரம் ஆரம்பித்ததும் பையன் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். தாய்மாமனுக்கு உருமால் கட்டுகிறார்கள் என்று கீழே யாரோ கத்தினார்கள். என் வீட்டுக்காரர் தலையில் அந்த உருமாலோடு எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. நான் தைத்த பிளவுஸ் மேடை வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. சாவி என் கையில்தான் இருந்தது. அது தெரிந்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு, ஃபிளாஸ்க்கையும் பாலாடையையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். துண்டு எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையிலிருந்து நங்கையா பார்த்தார், முகம் கறுத்துப்போனது. தாலி கட்டி முடிந்ததும் அட்சதை போட்டேன். பையன் தலையிலும் நாலு அரிசி விழுந்தது. அவனுக்கு நேரமாகிவிட்டது, சிணுங்க ஆரம்பித்தான். மாடிக்குப் போக எழுந்தேன். சனம் நெருக்கியடித்துக்கொண்டு மேடைக்குப் போகிறது, நகர முடியவில்லை. அவன் சிணுங்கல் அழுகையாகி, அழுகை மெல்லக் குறைய ஆரம்பித்தது. நோம்பியன்றைக்கும் இப்படித்தான் குறைந்தது. அங்கேயே உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தேன்.

இரண்டாவது வாயில் மூக்கில் வந்தது. பின்வரிசையில் ஒரு அம்மா, "அய்யோ, என்ன பாவம் பண்ணுச்சோ" என்றார்.

"பாவம் ஒண்ணும் பண்ணலீங்க. பசிக்குதுன்னு அழுதான், அவ்வளவுதான்" என்றேன். மூக்கைத் துடைத்துவிட்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வரிசைக்கு வந்தார், எல்லாரையும் பந்திக்குக் கூப்பிட்டுக்கொண்டு. அவருக்குப் பின்னால் நங்கையா. அந்த அம்மா நின்று பார்த்தார். பையன் வாயைத் திறந்து அடுத்ததற்குக் காத்திருந்தான்.

"எத்தன மாசம்?"

"அஞ்சுங்க. அஞ்சு கிலோ ஆனா ஆபரேசன்."

"இப்ப எவ்வளவு?"

"இன்னும் கொஞ்சம் வேணுங்க."

"அப்ப எங்கிட்டப் பேச்சுக் குடுத்துட்டிருக்காத, குடு குடு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வரிசையைப் பந்திக்குக் கூப்பிடப் போய்விட்டார். போகிற வழியில் ஒரு ஆளை அனுப்பி டேபிள் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பச் சொன்னார்.

கிளம்பும்போது நங்கையாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 13, புதன்

நாலு கிலோ எண்ணூற்று ஐம்பது. நங்கையா இன்னும் பேசவில்லை.

மே 27, புதன்

ஐந்து கிலோ நூறு. பையன் உடம்பில் அரைஞாண் கயிறுகூட இல்லை. ரத்தமும் ஆபரேஷனுக்குப் போதுமாம். நர்சம்மா தராசை விட்டு அவனைத் தூக்கும்போது அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டான். நான் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஹெல்மெட் இடித்து நெற்றி வீங்கியிருக்கிறது.

ஜூன் 1, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. சீட்டில் பையன் பேர் சரண் என்று எழுதினார்கள். நாளைக்குக் காலை ஆபரேஷன். வராண்டாவில் இவர் பையனைப் போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கிறார். நான்தான் எடுக்கச் சொன்னேன். இதுவரை ஒன்றுகூட எடுக்க விடவில்லை. அவன் போனைப் பார்த்ததும் சிரிக்கிறான், உதடு இரண்டு பக்கமும் விலகி, கண் இடுங்கி, ஈறு மொத்தமும் தெரிய. இன்னும் எடுங்க, இன்னும் எடுங்க என்றேன். போதும், சார்ஜ் போயிடும் என்றார்.

ஜூன் 2, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. நங்கையா பஸ் ஏறிக் கஞ்சியோடு வந்துவிட்டார். என்னோடு பேசவில்லை, எனக்கு ஊட்டிவிட்டார்.

ஜூன் 14, ஞாயிறு

தையல் பிரித்தாயிற்று. கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருக்க முழங்கைக்கு அட்டை கட்டியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இன்று முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தான். உதட்டை மூடிக்கொண்டு, சின்னதாக, எல்லாப் பிள்ளைகளையும் போல. பார்த்தவர்கள் எல்லாரும் எவ்வளவு அழகாயிட்டான் என்கிறார்கள். உண்மைதான். எனக்கு அழுகை நிற்கவில்லை. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இவர் எல்லாரிடமும் சொன்னார்.

சந்தோஷமும்தான். ஆனால் என்னோடு ராப்பகலாகக் கிடந்த பையன் வேறு ஒருவன். முகம் முழுக்கச் சிரிக்கிறவன். மாசக்கணக்கில் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யாரிடம் போய் இதைச் சொல்வது? ஆபரேஷன் நன்றாக நடந்துவிட்டது என்று அழுகிறாயா என்பார்கள்.

ஜூலை 8, புதன்

நர்சம்மா காலையிலேயே வந்தார். "சரணத் தூக்கிட்டு வா, ஒரு ஊட்டுக்குப் போகோணும்" என்றார். எதற்கு என்று வழியில்தான் சொன்னார். பத்து நாள் முன்னால் பிறந்த பெண்குழந்தை, இதே மாதிரி உதடு. அம்மா பேர் கௌசல்யா, பத்தொன்பது வயசு. கதவைத் திறக்கிறாள், ஆனால் பேச மாட்டேன் என்கிறாளாம். "நான் சொன்னா நர்சு சொல்றான்னு போயிரும். நீ இவன முன்னால எப்படி இருந்தான், இப்ப எப்படி இருக்கறான்னு காட்டு. ஆபரேசன் பண்ணுனா எல்லாம் சரியாயிரும்னு தைரியம் சொல்லு."

பனியன் கம்பெனி லைன் வீடு. கௌசல்யா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைத் தோளில் முகம் புதைத்துப் போட்டிருந்தாள். சரணை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவன் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

"இப்பத் தெரியவே இல்லீங்க அக்கா" என்றாள். "முன்னால எப்படி இருந்தானுங்க?"

போனில் போட்டோவைத் திறந்து வைத்திருந்தேன். என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்தும் வைத்திருந்தேன். உன் பொண்ணைவிட மோசம், பாரு, இப்ப எப்படி ஆயிட்டான் என்று சொல்ல வேண்டும். போனை நீட்டினேன். அந்தச் சிரிப்பு திரை முழுக்க இருந்தது.

"நெம்ப அழகா இருந்தான்" என்றேன்.

நர்சம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கௌசல்யா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா சொல்றீங்க."

"இல்ல அம்மிணி. அப்ப எனக்குத் தெரியல. இப்ப மனசு அந்தச் சிரிப்பத் தேடுது."

அவள் போனை என்னிடம் கொடுத்தாள். குழந்தையைத் தோளிலிருந்து எடுத்து, முழங்காலில் சாய்த்து வைத்து, அதன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், இதுக்குப் பாலு எப்புடிங்க குடுக்கறது என்று கேட்டாள்.